இலக்கம் 7, பின் வீதி

எங்கள் டவுனில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. எந்த டவுன் என்று மட்டும் கேட்காதீர்கள். இரத்தினபுரி மாவட்டம், மாணிக்கக் கல் வியாபாரம் நடக்கிற இடம், எம்பிலிப்பிட்டிய பஸ் நின்று போகும், அவ்வளவு போதும். முகவரி சரியில்லை என்று முப்பத்திரண்டு வருடம் ஊரார் எல்லாரோடும் சண்டை பிடித்த தபால்காரன் நான். இன்று நானே முகவரி எழுதாமல் ஒரு கதையை அனுப்புகிறேன். எழுதினால், ஆபீஸ் விசயத்தை வெளியே விட்டான் என்று தபாலகத்துப் பழைய கூட்டாளிகள் என்னை அடிக்க வருவார்கள்.

பலகையில் மேலே சிங்களத்தில் 'பின் வீதிய' என்று இருக்கும். சிங்களத்தில் 'பின்' என்றால் புண்ணியம். நடுவில் தமிழில் 'புண்ணிய வீதி'. ஆனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 'புண்'ணும் 'வீதி'யும் கறுப்புப் பெயின்ட், கொழுத்த எழுத்து. 'ணிய' மஞ்சள் பெயின்ட், இடம் போதாமல் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும். கீழே இங்கிலீசில் பின் ஸ்ட்ரீட்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பழைய காலத்து ராஜா ஒருவர் அங்கே அன்னதானம் கொடுத்தார் என்கிறார் ஒரு பள்ளிக்கூட அதிபர். கல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், இங்கே குண்டூசி செய்கிற பெக்டரி இருந்ததா என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நம்முடைய தமிழ்ப் பையன்களோ, அந்தக் காலத்தில் புண்ணுக்கு மருந்து போடுகிற ஆஸ்பத்திரி இருந்தது என்று அடித்துச் சொல்கிறார்கள். எல்லாம் சுத்தப் புளுகு. அந்தப் பெயர் பிறந்தது 1996ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, என்னுடைய தபால் பைக்குள். பெற்றவள் விஜயகலா. பிறக்கக் கூடாது என்று குறுக்கே விழுந்தவன் செல்வநாயகம், அதாவது அடியேன்.

விஜயகலா குருவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் வெட்டுகிறவர்கள். தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டுக்கு நம்பர் உண்டு, அதற்குள் இருக்கிற காம்பராவுக்கும் நம்பர் உண்டு, ஆளுக்கு முகவரி கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். நாங்கள் தபாலகத்தில் தோட்டத்துப் பையில் போட்டுக் கட்டிவைப்போம். தோட்டத்தில் 'தப்பால்காரர்' என்று சொல்கிற ஆள் தூக்கிக்கொண்டு போவார். ஆபீசில் அவிழ்ப்பார்கள். அதற்கு மேல் ஆண்டவர் விட்ட வழி. சில கடிதம் அன்றைக்கே ஆளைத் தேடிப் போகும், சில கடிதம் மேசை லாச்சிக்குள் படுத்துவிடும்.

1992இல் விஜயகலாவுக்குப் பத்தொன்பது வயது. அந்தத் தோட்டத்தில் ஓ.எல். பரீட்சை பாஸான முதல் பெண் அவள். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வந்து ஆபீஸ் லாச்சிக்குள் பத்தொன்பது நாள் படுத்துக் கிடந்தது. அவள் கைக்கு அது கிடைத்தபோது பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

கேட்டதற்கு, "வேல கூடிப்போச்சும்மா, கவனிக்கல்ல" என்றார்களாம். கவனிக்கவில்லையாம்! அவள் அங்கே நின்று அழவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் தபாலக முத்திரையும் திகதியும் பளிச்சென்று இருந்தன. அன்றைக்கு மனதுக்குள் ஒன்று முடிவு பண்ணினாள்: இனிமேல் என் பேருக்கு வருகிற கடுதாசி என் வாசலுக்கு வரவேண்டும், இன்னொருத்தர் கை பட்டு வரக்கூடாது.

இரண்டு வருடத்தில் முத்துவீரனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். முத்துவீரனுக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டயர் ஒட்டுகிற கடையில் வேலை. நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவான், அதில் எட்டு 'ம்'. கல் கடைகள் இருக்கிற பெரிய ரோட்டுக்குப் பின்னால், மேட்டுப் பக்கமாக ஏறுகிற ஓர் ஒழுங்கையில் பலகை வீடு கிடைத்தது. மொத்தம் பதினொரு வீடு. தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாம் கலந்து இருந்தார்கள். அந்த ஒழுங்கைக்குப் பெயர் கிடையாது. கல் கடைக்குப் பின்னால என்பார்கள், பின்னாடி ஒழுங்கை என்பார்கள், அத்தோடு சரி.

அங்கே அவள் தாள் மடிக்கிற வேலை தொடங்கினாள். கல் வியாபாரிகள் கல்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டா திரிவார்கள்? வெள்ளைத் தாளை ஐந்தாறு மடிப்பாக மடித்து, அதற்குள் கல்லை வைத்துச் சட்டைப் பையில் போடுவார்கள். விஜயகலா மடித்த தாளிலிருந்து ஒரு பொடிக் கல்கூட உதிராது. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் உதிராது. பெரிய ரோட்டில் கடை வைத்திருந்த இப்றாஹிம் ஹாஜியார், அவள் மடித்த தாள் தவிர வேறு தாள் தொடமாட்டார். ஒழுங்கைக்காரர்களின் கடிதத்தை எல்லாம் நான் அந்த ஹாஜியார் கடை மேசையில்தான் போட்டுவிட்டுப் போவேன். எல்லாருடைய கடிதத்திலும் 'மே/பா இப்றாஹிம் ஹாஜியார்' என்றுதான், அதாவது அவர் மேற்பார்வையில் என்றுதான் இருக்கும். ஹாஜியார் தங்கமான மனிதர், ஒரு கடிதம் தவறவிட்டதில்லை. ஆனால் அந்த மே/பாவைக் கண்டாலே விஜயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஒழுங்கை வழியாகக் குறுக்கால் போனபோது என் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தபால் ஐயா, என் கடுதாசிய ஏன் கடையில குடுக்கிறீங்க?"

"ஒங்க ரோட்டுக்குத்தான் பேரு இல்லையே புள்ள. பேரு இல்லாத ரோட்டுக்கு நான் எப்பிடி வாறது?"

"இப்ப வந்து நிக்கிறீங்களே, எப்பிடி வந்தீங்க?"

"இது சைக்கிள் வந்திருக்கு. தபால் வரல்ல."

"சரி, பேரு யாரு வைக்கணும்?"

"நகர சபை."

"எப்ப வைப்பாங்க?"

"ரோடு போட்டா வைப்பாங்க."

"ரோடு எப்ப போடுவாங்க?"

"பேரு இருந்தா போடுவாங்க" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான்.

அவள் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தாள். "தொண்ணூத்தி ரெண்டுல என் இண்டர்வியூ கடுதாசிய தோட்டத்துப் பையில போட்டுக் கட்டுனது நீங்கதானே?"

நான்தான். வந்த அன்றைக்கே போட்டேன், என் கையில் ஒரு நிமிடம் தாமதமில்லை, ரூல்படி நான் சுத்தம். அதை அவளிடம் விளக்கமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. "ரூல்படி நீங்க சுத்தந்தான்" என்று வழியை விட்டு விலகினாள். நான் பெடலை மிதித்துக்கொண்டு ஓடிப்போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கடிதம் பிரிக்கிற மேசையில் ஒரு தபால் அட்டை வந்து விழுந்தது. முகவரி சிங்கள எழுத்தில்: 'விஜயகலா, இலக்கம் 7, பின் வீதிய.' பக்கத்து மேசைச் சிங்கள லிகிதர் எடுத்து வாசித்துவிட்டு, "ஷா! பின் வீதிய!" என்று கண்ணை விரித்தார். நம்முடைய டவுனில் புண்ணிய வீதி என்று ஒன்று இருக்கிறதா, எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு ஒரே சந்தோசம். எனக்கோ தலைக்கு மேல் ஏறிவிட்டது. பெயரில்லாத ஒழுங்கைக்குத் தானே பெயர் வைத்து, தானே இலக்கம் போட்டு, தபால் திணைக்களத்தையே ஏமாற்றப் பார்க்கிறாளா? 'இப்படி ஒரு முகவரி இல்லை' என்ற முத்திரையை எடுத்து ஓங்கி அடித்தேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

முகவரி இல்லாத தபாலை அனுப்பியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது ரூல். அனுப்பியவர் யார் என்று அட்டையின் மூலையைப் பார்த்தேன். 'அனுப்புவது: விஜயகலா, இலக்கம் 7, பின் வீதிய.'

மாதாவே! ரூல் புத்தகத்தை மூன்று தடவை புரட்டினேன். தபால் அதிபரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "ரூல் ரூல்தான் செல்வநாயகம், கொண்டுபோய்க் குடுங்க" என்றார். வேறு வழி? போனேன். விஜயகலா வாசலில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தாள். அட்டையை வாங்கி, முத்திரையை ஒரு தரம், என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"முகவரி இல்லைன்னு முத்திர அடிச்சிருக்கீங்க."

"ஆமா."

"அடிச்சிட்டு அதே முகவரிக்குக் கொண்டாந்து குடுக்கிறீங்க."

சைக்கிள்தான் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்தாள் பாருங்கள், பதினொரு வீட்டு ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

"அது என்னா பின் வீதி?" என்று கடுப்போடு கேட்டேன்.

"பெரிய ரோட்டுக்குப் பின்னாலதானே இருக்கோம். பின் வீதி. பேரு என் பாஷையில வச்சேன். ஒங்க ஆபீசுல தமிழ் வாசிக்க ஒங்களவிட்டா ஆளில்ல, அதனால எழுத்து மட்டும் சிங்களம்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். தமிழில் பின்பக்கம் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். சிங்கள எழுத்தில் போட்டவுடனே அது புண்ணியமாகப் போய்விட்டது. வீதி இரண்டு பாசைக்கும் பொது. இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிற பெண்ணுக்கு எழுதும்போது அது தோன்றவே இல்லை. நான் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயய்யோ" என்றாள். பிறகு, "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்டத்திலிருந்து அப்பா எழுதினார், படித்த கூட்டாளிகள் எழுதினார்கள், எல்லாம் பின் வீதிய. முத்துவீரன் டயருக்கு அடையாளம் போடுகிற மஞ்சள் பெயின்டைக் கொண்டுவந்து பதினொரு கதவிலும் இலக்கம் எழுதினான். நானும் முத்திரையை லாச்சியில் போட்டுவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போவதும் ஒன்றுதான், நேரே கொடுக்கப் போவதும் ஒன்றுதான், ஒரு வேலை மிச்சம்.

அந்தப் பெயர் சிங்களச் சனத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்றாம் இலக்கத்துப் பியசீலி அக்கா லொத்தர் சீட்டு விற்கிறவர். தன் லொத்தர்ப் பெட்டியில் 'பின் வீதிய' என்று பெரிதாக எழுதி ஒட்டினார். அங்கே வாங்கினால் விழும் என்று ஒரு நம்பிக்கை கிளம்பிவிட்டது. சந்தியில் செக்பொயின்ட் இருந்த காலம் அது. தமிழ்ப் பெயர் என்றால் அடையாள அட்டையை நாலு தரம் திருப்பிப் பார்ப்பார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் விஜயகலா "பின் வீதிய" என்பாள். பொலிஸ்காரர் சிரித்துவிட்டு, போ என்பார்.

97ஆம் ஆண்டு வெசாக், புத்தர் திருநாள், வந்தது. வெசாக் என்றால் தன்சல், வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடோ குடிக்கவோ கொடுப்பார்கள். வெளியூர்ச் சனம் ஒரு கூட்டம் ஒழுங்கைக்குள் நுழைந்து, "தன்சல கொஹெத?" என்று கேட்டது. தன்சல் எங்கே என்று! இங்கே ஏது தன்சல் என்று பியசீலி அக்கா கேட்க, புண்ணிய வீதியில் தன்சல் இல்லாமல் இருக்குமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பியசீலி அக்காவுக்கு மானம் போய்விட்டது. "விஜயா நங்கி, தங்கச்சி, ஏதாவது செய்!" என்று ஓடிவந்தார்.

விஜயகலா என்ன செய்வாள்? இது பின்பக்கம், புண்ணியம் இல்லை என்று சொல்லவா முடியும்? வீட்டில் இருந்த கடலையை அவித்து, தேங்காய்ப்பூப் போட்டு, கல் மடிக்கிற தாளில் சுற்றிக் கொடுத்தாள். கல் மடிக்கிற மடிப்பில் கடலை! ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அடுத்த வருடம் பதினொரு வீடும் சேர்ந்து செய்தது. அதற்கடுத்த வருடம் ஹாஜியார் இரண்டு மூட்டை கடலை அனுப்பினார். பின் வீதியக் கடலை தன்சல் என்றால் டவுன் முழுக்கத் தெரியும் என்றாகிவிட்டது. நானும் வருடா வருடம் வரிசையில் நின்று வாங்கித் தின்றேன். எல்லாரும் புண்ணியம் புண்ணியம் என்று சொல்லும்போது விஜயகலா என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள், நான் கடலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

2003 வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். மறக்கக் கூடிய வெள்ளமா அது? வெசாக் முடிந்த கையோடு வந்தது. பெரிய ரோட்டில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். ஆனால் பின்பக்கம் மேடு, தண்ணீர் ஏறவில்லை. தன்சல் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை, அண்டாவும் அடுப்பும் அப்படியே இருந்தன. ஐந்து நாள் அந்தப் பதினொரு வீடும் சமைத்துப் போட்டது. என் மனைவி கிறேசும் நானும்கூட அங்கேதான் சாப்பிட்டோம். நிவாரணம் எழுத வந்த உத்தியோகத்தர்கள் தங்கள் பட்டியலில் 'பின் வீதிய' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அரசாங்கத் தாளில் அந்தப் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. விஜயகலா அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கையெல்லாம் கரி, முகமெல்லாம் பல்லு.

2008இல் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு உதவி ஆசிரியர் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வயதெல்லை முப்பத்தைந்து. விஜயகலாவுக்கு அப்போது சரியாக முப்பத்தைந்து. இந்த வருடம் விட்டால் ஆயுசுக்கும் இல்லை. விண்ணப்பத்தைச் சிங்களத்தில் நிரப்பி, முகவரி எழுதும் இடத்தில் பின் வீதிய என்று எழுதி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

போட்டு இரண்டு வாரத்தில் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போடும் வேலை தொடங்கியது. பாதிச் செலவு ஹாஜியாருடையது. ரோடு போட்டால் பெயர் வைப்பார்கள் என்று நான் சொன்னேன் அல்லவா? ஹாஜியார் காலஞ்சென்ற தன் வாப்பாவின் பெயரை வைக்கும்படி நகர சபைக்கு எழுதிக் கொடுத்தார். பிழையான ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் விஜயகலாவின் முகம் செத்துப்போனது. நேரே என்னிடம் வந்தாள்.

"ஐயா, பேரு மாறிட்டா என் கடுதாசி?"

"நான் இருக்கேன் புள்ள. எந்தப் பேருல வந்தாலும் கொண்டாந்து குடுப்பேன்."

"நீங்க எப்ப பென்சன் போறீங்க?"

"மார்ச் முப்பத்தொண்ணு."

"கடுதாசி ஏப்ரல்ல வந்தா?"

எனக்குப் பிறகு வரப்போகிறவர் ரூலில் என்னையும் மிஞ்சியவர். தபாலக வீதிப் பட்டியலில் இல்லாத வீதிக்கு முத்திரைதான்.

நவம்பரில் நகர சபையில் விசாரித்தார்கள். ஒழுங்கை முழுவதும் வந்திருந்தது. தபால்காரன் என்று என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். செயலாளர் ஒரு சிங்கள அம்மணி, கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். பின் வீதிய என்ற பெயர் எப்படி வந்தது, என்ன புண்ணியம் நடந்தது என்று கேட்டார். பியசீலி அக்கா எழும்பி, அந்தக் காலத்தில் அங்கே ஒரு சாமியார் தவம் இருந்தார் என்று தொடங்கினார். சாமியாருக்குத் தாடியெல்லாம் வைத்துவிட்டார். செயலாளர் அம்மணி பேனையை மூடிவிட்டு, "இது யாருக்காவது நிச்சயமாகத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியும். விஜயகலாவுக்குத் தெரியும். சாமியாரை அப்படியே விட்டுவிடு, வாயைத் திறக்காதே என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் எழும்பிவிட்டாள்.

"மேடம், சாமியார் எல்லாம் இல்லை" என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள். "பெயர் வைத்தது நான். தமிழில் பின் என்றால் பின்பக்கம். கடைகளுக்குப் பின்னால் இருக்கிறோம், அதனால் அப்படி வைத்தேன். எழுத்து சிங்களத்தில் போட்டதால் புண்ணியம் ஆகிவிட்டது. என் பிழைதான். எனக்கு ஒரு கடிதம் வரவேண்டியிருக்கிறது. ஒரு தடவை வரவேண்டியது வராமல் போய்விட்டது. இந்தத் தடவையும் போகக் கூடாது, அவ்வளவுதான் என் காரணம்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது பியசீலி அக்கா, "அம்மோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். "அப்போ பதினொரு வருசமாக நான் கடலை அவித்தது பின்பக்கத்துக்கா?"

முதலில் சிரித்தது ஹாஜியார். அவர் வயிறு குலுங்கிய குலுக்கில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒழுங்கை முழுக்கச் சிரித்தது, முத்துவீரன்கூடப் பல்லைக் காட்டினான். செயலாளர் அம்மணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "தன்சல் கொடுத்தது உண்மையா?" உண்மை என்றார்கள். "வெள்ளத்தில் சமைத்துக் கொடுத்தது?" அதுவும் உண்மை. "அப்படியென்றால் பெயரில் என்ன பிழை இருக்கிறது?" என்றார்.

ஹாஜியார் எழும்பினார். "எனக்கும் அந்தப் பேர் போதும், மேடம். நானும் ரெண்டு மூட்ட கடல குடுத்தீக்கேன். வாப்பாட பேர் கடையில ஈக்கட்டும்." அதைத் தமிழில் சொல்லிவிட்டார். சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொன்னது விஜயகலாதான்.

பிப்ரவரியில் பலகை வந்தது. ஆசையோடு ஓடிப் போய்ப் பார்த்தோம். சிங்களம் அழகாக இருந்தது. சபையில் தமிழுக்குப் 'புண்ணிய வீதி' என்று சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பலகை எழுதிய பெயின்டருக்குத் தமிழ் தெரியாது. பூ எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டு வந்தவர், பாதியில் தேத்தண்ணி குடிக்கப் போனாரோ என்னவோ, நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டார். 'புண் வீதி.'

ஆண்டவரே, அந்தக் கிழமை விஜயகலா பட்ட பாடு! தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருத்தனும், "என்னக்கா, புண்ணு ஆறிருச்சா?" என்று கேட்டுக்கொண்டு போனான். பெயின்டர் சித்திரைப் புத்தாண்டு கழித்துத்தான் வருவேன் என்றுவிட்டார். "அழிச்சிட்டு நானே பின்னுன்னு எழுதப் போறேன்" என்று அவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 23, திங்கட்கிழமை. எனக்கு வேலையில் கடைசிக்கு முந்திய கிழமை. கொழும்புப் பையை அவிழ்த்துக் கொட்டியபோது லிகிதர் ஒரு பதிவுத் தபாலைத் தூக்கிப் பிடித்தார். முகவரி தமிழில் இருந்ததால், "இது எங்கே செல்வநாயகம்?" என்று என்னிடம் நீட்டினார். 'திருமதி மு. விஜயகலா, இலக்கம் 7, புண்ணிய வீதி.' சிங்களத்தில் எழுதிய விண்ணப்பத்தை அங்கே யாரோ நல்ல மனிதர் தமிழாக்கும்போது வீதியையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டார். அவள் தமிழில் பெற்ற பெயர் சிங்களத்துக்குப் போய், வேறு பெயராகத் தமிழுக்குத் திரும்பி வந்து நிற்கிறது. பட்டியலில் பின் வீதிய இருக்கிறது, பலகையில் புண் வீதி இருக்கிறது, புண்ணிய வீதி எங்கேயும் இல்லை. எனக்குப் பதில் இன்னொருவர் அந்த மேசையில் இருந்திருந்தால்?

மற்றக் கடிதங்களை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். அந்த முத்திரையை லாச்சியில் போட்டதைத் தவிர, முப்பத்திரண்டு வருடத்தில் நான் ரூல் மீறியது அன்றைக்கு மட்டும்தான். மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன். "டீச்சர்!" என்று ஒழுங்கை முனையிலிருந்தே கத்தினேன். அவள் வாசலுக்கு வந்து, உறையை வாங்கி, கிழிக்காமல் முதலில் முத்திரைத் திகதியைத்தான் பார்த்தாள். பிறகு பிரித்தாள். நேர்முகப் பரீட்சை வெள்ளிக்கிழமை.

"நாலு நாள்" என்றாள். "அன்னைக்கி நாலு நாள் பிந்தி வந்திச்சி. இன்னைக்கி நாலு நாள் முந்தி வந்திருக்கு ஐயா." தோட்டத்து ஆபீசில் அழாத அழுகையை எல்லாம் அன்றைக்கு வாசலில் நின்று அழுதாள். பியசீலி அக்கா ஏன் என்று தெரியாமலே சேர்ந்து அழுதார்.

அழுது முடித்தவள் உறையை மறுபடி வாசித்தாள். உள்ளே போய் மஞ்சள் பெயின்ட் டப்பாவையும் ஒரு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பலகைக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறி, 'புண்'ணுக்கும் 'வீதி'க்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் 'ணிய' என்று எழுதினாள்.

"பின்னுன்னு எழுதப் போறேன்னு சொன்னியே புள்ள? அதுதானே ஒன் சொந்தப் பேரு?"

"கடுதாசி இந்தப் பேரத் தேடிக்கிட்டுத்தானே வந்திருக்கு" என்றாள். இறங்கி வந்து, மஞ்சள் விரலால் என் ரசீதில் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு வேலை கிடைத்தது. நியமனக் கடிதம் ஜூனில் வந்தது. எனக்குப் பின் வந்த ரூல்காரர் பலகையைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, ஒரு கேள்வி கேட்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போது அவள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். ஆனால் நான் சொல்ல வந்தது என்னுடைய கடைசி நாளை.

மார்ச் 31 மத்தியானம் விஜயகலா தபாலகத்துக்கு வந்தாள். தான் மடித்த வெள்ளைத் தாளில் எதையோ சுற்றி என் கையில் வைத்தாள். "பின்பக்கத்த வாசிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். பிரித்தேன். அந்தத் தபால் அட்டை. பதின்மூன்று வருடம் கழித்தும் என் முத்திரை கறுப்பாக அப்படியே இருந்தது: 'இப்படி ஒரு முகவரி இல்லை.' கீழே என் கையெழுத்து. தபால்காரர்கள் அட்டையை வாசிப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, பொய்யில்லை. ஆனால் சத்தியமாக, இந்த அட்டையை அன்றைக்கு நான் இருந்த கோபத்தில் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது திருப்பினேன்.

'அன்புள்ள விஜயகலாவுக்கு, விஜயகலா எழுதுவது. நான் நலம். இந்த அட்டை உன் கையில் கிடைத்தால் நீ இந்த ஊரில் இருக்கிறாய். கிடைக்காவிட்டாலும் இருக்கிறாய். தபால்காரருக்குத்தான் இன்னும் தெரியாது.'

லிகிதர்மாரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைக்கத் துடைக்க வந்தது. பிறகு பேனையை எடுத்து, முத்திரையில் 'இல்லை' என்று இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் 'உண்டு' என்று எழுதி, கையெழுத்து வைத்து, திகதி போட்டேன். என் உத்தியோகத்தில் நான் செய்த கடைசி வேலை அதுதான். அட்டையைப் பைக்குள் போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், இலக்கம் ஏழில் கொடுத்தேன்.